பினாங்கில் தனியாக ஒரு காலை: எங்கே உட்காருவது, எத்தனை மணிக்கு?

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: "அலுவலக வேலையாகக் கோலாலம்பூர் வருகிறேன். வேலை முடிந்ததும் ஒரே ஓர் இரவு பினாங்கு ஜார்ஜ்டவுனில் தங்கப் போகிறேன். பெண், தனியாக. மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு விமானம். பத்து இடம் ஓடிப் பார்க்கும் ஆசை இல்லை. காலையில் எங்காவது அமைதியாக உட்கார்ந்து, ஊர் எழுந்திருப்பதைப் பார்த்தால் போதும். எங்கே, எத்தனை மணிக்கு? பயமில்லாமல் போகலாமா?"

கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று இருக்கிறது. ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பிவிடாத நாற்காலி எங்கே கிடைக்கும்? அந்த நாற்காலிக்கு எதிரே பார்ப்பதற்கு ஏதாவது நடக்குமா? அங்கே போய்ச் சேர இருட்டில் நடக்க வேண்டியிருக்குமா? ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் ஆட்களை நடத்திக் கூட்டிப் போகிறவர்கள் தினமும் பார்க்கும் விஷயம்தான் இது. வருகிறவர்கள் இடத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது குறைவு. நேரத்தில்தான் தப்பு செய்கிறார்கள். அதனால் நேரத்திலிருந்து தொடங்குகிறேன்.

பினாங்கில் கடிகாரம் சூரியனை விட ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடம் முந்தி ஓடுகிறது. தீவு இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 100 பாகையில், மலேசியாவின் நேரமோ 120 பாகையைக் கணக்கில் வைத்தது. தீபகற்ப மலேசியாவின் நேரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி முன்னால் தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதனால் இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு வராது, ஒன்றேகாலை ஒட்டி வரும். சூரியன் எழுவது மாதத்தைப் பொறுத்து 7 மணிக்கும் ஏழரை சொச்சத்துக்கும் இடையில். நவம்பர் தொடக்கத்திலும் மே கடைசியிலும் சீக்கிரம், ஜனவரி பிப்ரவரியில் தாமதம். திருச்சியில் ஐந்தரைக்கு எழுந்து கோலம் போட்டுப் பழகியவர் அதே பழக்கத்தில் இங்கே ஆறு மணிக்கு வெளியே வந்தால் கும்மிருட்டாக இருக்கும். தெரு முழுக்க இரும்புக் கதவுகள் இறங்கியிருக்கும். "இந்த ஊர் தூங்குமூஞ்சி" என்று நினைத்து அறைக்குத் திரும்பிவிடுவார். திரும்பிப் படுத்து ஒன்பதரைக்கு வந்தால் சுவரோவியங்களுக்கு முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் நீங்கள் கேட்பது.

இன்னொன்று, இந்திய நேரத்தை விட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். வந்து இறங்கிய மறுநாளே என்றால் இங்கே ஆறே முக்கால் உங்கள் உடம்புக்கு நாலேகால். நீங்கள் கோலாலம்பூரில் சில நாள் இருந்துவிட்டு வருவதால் அந்தத் தொல்லை குறையும். அப்படியும் முந்தின இரவு பத்தரைக்குப் படுத்துவிடுங்கள். அலாரத்தை ஆறேகாலுக்கு வையுங்கள். சூரியன் சீக்கிரம் எழும் மாதங்களில் ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் வானம் வெளுத்திருக்கும், ஜனவரி பிப்ரவரியில் ஏழு மணி தாண்டிக் கிளம்புங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் விடியல் நீண்டு கிடக்காது. சூரியன் எழுவதற்கு இருபது நிமிடம் முன்பிருந்துதான் தெரு முகங்கள் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் வந்த பிறகு கிளம்புவது உங்கள் பாதுகாப்புக் கேள்விக்கும் பாதிப் பதில்.

இடம்: லெபோ குயினும் லெபோ பாசாரும் சந்திக்கும் மூலையும் அதைச் சுற்றிய ஐம்பது அறுபது அடியும். லெபோ என்றால் மலாயில் தெரு. லெபோ பாசாரைப் பழைய ஆட்கள் கடைத்தெரு என்பார்கள். அடுத்தடுத்து லெபோ கிங், லெபோ பினாங்கு. பின்னால் சொன்னதில்தான் நகரத்தார் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் இருந்தன. இந்தப் பகுதி முழுக்க 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. லெபோ குயினில் அருள்மிகு மகாமாரியம்மன் ஆலயம், 1833இல் எழும்பியது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவருக்கு இந்தக் கோபுரம் விளையாட்டுப் பொருள் போலத் தெரியும், கடைகளின் மாடி உயரம்தான். அந்தச் சின்ன அளவுதான் உட்கார்ந்து பார்ப்பதற்கு வசதி. சிற்பங்களின் முகம் வரைக்கும் தெருவிலிருந்தே தெரிகிறது.

கோயிலின் வாசல் கடலைப் பார்த்த பக்கம். காலை வெயில் நேர் எதிரே வரும். ஆனால் சூரியன் எழுந்தவுடனே கோபுரத்தில் வெயில் படும் என்று நினைத்து ஏழு மணிக்கே கேமராவோடு நிற்பவர்கள் ஏமாந்து போவார்கள். எதிர்ப்பக்கம் இரண்டு மாடிக் கடைவீடுகள் மறைக்கின்றன, தெருவும் குறுகல். சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை என்ற கணக்கில் ஏறுகிறது. எதிர்க் கூரையைத் தாண்டிக் கோபுர உச்சியைத் தொட ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆக, எட்டு, எட்டரை. உச்சிக் கலசத்தில் தொடங்கி வெயில் அடுக்கடுக்காகக் கீழே இறங்கும். நீங்கள் தெருவின் கடல் பக்கம், அதாவது கோயிலுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் சூரியன், தலைக்கு மேல் நிழல், கண்ணுக்கு எதிரே வெளிச்சம். நாற்காலி தேடும்போது கடையின் பெயரைப் பார்க்காதீர்கள், இந்தத் திசையைப் பாருங்கள்.

கடையின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. இங்கே சாப்பாட்டுக் கடைகள் வாரம் ஒரு நாள் மூடும், அந்த நாள் கடைக்குக் கடை வேறு. ஒரு பெயரை நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்ப்பதை விட, எப்படிப்பட்ட கடை என்று தெரிந்து வைத்துக்கொள்வது மேல். மேசை ஒன்றாவது வெளியே ஐந்தடியில் கிடக்க வேண்டும். ஐந்தடி என்பது கடைவீடுகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதை. மலாயில் காக்கி லீமா. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்துக்குப் போட்ட திட்டத்தில் வந்த விதி, பிறகு இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பரவியது. நீங்கள் உட்காரும் மேசை தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. புகைக்காக மட்டும் சொல்லவில்லை, அந்த இடத்தில் பொட்டலம் வாங்க வருகிறவர்கள் உங்கள் தோளுக்கு மேல் கை நீட்டுவார்கள். சுவரை ஒட்டிய, தூண் மறைக்காத மூலை மேசை கிடைத்தால் விடாதீர்கள்.

தமிழ்க் கடையில் உட்கார்ந்ததும் வருகிறவர் "தண்ணி என்ன?" என்பார். குடிக்கிற தண்ணீரைக் கேட்கவில்லை. மலேசியத் தமிழில் தண்ணி என்றால் காப்பி, தேநீர், பழச்சாறு எதுவானாலும் சரி, பானம். "பசியாறியாச்சா?" என்றால் காலைச் சாப்பாடு ஆனதா என்று பொருள். விலையை வெள்ளியில் சொல்வார்கள். ரெண்டு வெள்ளி என்றால் இரண்டு ரிங்கிட். இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் விழிக்க வேண்டியதில்லை. பரிமாறுபவர் அண்மையில் தமிழ்நாட்டிலிருந்தே வேலைக்கு வந்தவராக இருக்கவும் வாய்ப்புண்டு, உங்கள் பேச்சைக் கேட்டதும் ஊர் விசாரிப்பார். பேச விருப்பமில்லை என்றால் சிரித்துவிட்டு நோட்டைத் திறந்துகொள்ளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு வாடகை அதுதான். இது கும்பகோணம் டிகிரி காப்பியின் தம்பி அல்ல. கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக்க வறுப்பார்கள், அந்தக் கருத்த நிறமும் லேசான கரிந்த இனிப்பும் அதனால் வருவது. தூளைக் கால்மேஜோடு போல நீண்ட துணிப்பையில் போட்டு, கொதிநீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வடிப்பார்கள். வெறும் "கோப்பி" என்றால் கெட்டியான டின் பால் கலந்து வரும். "கோப்பி ஓ" என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. "கோப்பி ஓ கோசோங்" என்றால் இரண்டும் கிடையாது. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். இனிப்பு குறைய வேண்டுமென்றால் "கூராங் மானிஸ்". ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: டின் பால் கோப்பையின் அடியில் தங்கியிருக்கும். கலக்காமல் குடித்தால் மேலே கசப்பு, கடைசி வாயில் பாயசம். கலக்கினால் பல பேருக்குத் திகட்டும். கரண்டியால் இரண்டே சுற்று மெதுவாகச் சுற்றிவிட்டு ருசி பாருங்கள், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சாதாரணக் கடையில் இரண்டு மூன்று வெள்ளி. அதைப் போல மூன்று மடங்கு விலைப்பலகையில் இருந்தால் அது பயணிகளுக்காக ஜோடித்த கடை, காலை ஏழரைக்கு அது திறந்திருக்கவும் செய்யாது.

லெபோ சூலியா பக்கம் தள்ளிச் சீனர் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் முறை வேறு. கடைக்குள் ஆளுக்கொரு தள்ளுவண்டி போல் பல வியாபாரிகள் இருப்பார்கள். தண்ணி கடைக்காரருடையது, சாப்பாடு அவரவருடையது. முதலில் மேசையைப் பிடித்து எண்ணைப் பார்த்துக்கொண்டு, பிறகு போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். காசு அந்தந்த ஆளிடம், தட்டு மேசைக்கு வரும்போதே. மாமாக் கடையிலோ, அதாவது தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையிலோ, எழுந்து போகும்போது கல்லாவில் கொடுத்தால் போதும். நெருக்கடி நேரத்தில் முன்பின் தெரியாதவர் எதிர் நாற்காலியில் வந்து உட்காருவார். அது இங்கே சகஜம், தலையை மட்டும் ஆட்டினால் போதும். அரை வேக்காட்டு முட்டை கேட்டால் சிலசமயம் கொதிநீரில் மூழ்கிய முட்டையை மூடி போட்டு அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள். ஆறு ஏழு நிமிடத்தில் எடுத்து உடைக்க வேண்டும். தெருவைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு நிமிடம் விட்டுவிட்டால் அது வெறும் அவித்த முட்டை. சாஸும் வெள்ளை மிளகுத்தூளும் அதற்குப் பிறகு எடுபடாது.

சைவம் என்றால் இரண்டு எச்சரிக்கை. நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயோடு வரும் பருப்புக்கு மேலே ஒரு கரண்டி மீன் குழம்பு ஊற்றுவது பல கடைகளில் வழக்கம். தட்டு கையை விட்டு வருவதற்கு முன் "பருப்பு மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பலில் நெத்திலி இருக்கும், வெளியே தெரியாவிட்டாலும் அரைத்திருப்பார்கள். இந்த மூலையைச் சுற்றிய தமிழ்க் கடைப் பகுதியான லிட்டில் இந்தியாவில் சைவக் கடைகள் தனியாகவே உண்டு. தோசையும் இட்லியும் காலையிலேயே கிடைக்கும், சாம்பார் நம் ஊரை விட ஒரு பிடி இனிப்பு.

சரி, எதைப் பார்ப்பது? ஒரு வேண்டுகோள்: நடந்துகொண்டே பார்க்காதீர்கள். லெபோ குயினிலிருந்து முந்நூறு நானூறு மீட்டருக்குள் புனித ஜார்ஜ் தேவாலயம், 1818. சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இன் கோயில். 1801இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொஹிதீன் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெரு மூலையில் நாகூர் தர்கா. எல்லாம் பக்கத்தில் இருப்பதால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கால் பரபரக்கும். முடித்தால் எட்டு மணிக்குக் கைபேசியில் நாற்பது படமும் மனதில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். ஒரே நாற்காலியில் இருந்தால் அதே தெரு மூன்று முறை மாறுவதைப் பார்க்கலாம்.

ஏழேகால் வரைக்கும் தெரு துடைப்பத்துக்குச் சொந்தம். மாநகராட்சியின் பெருக்குபவர்கள், காய்கறிப் பெட்டிகளை இறக்கும் சின்ன லாரி, கோயில் வாசலைக் கழுவும் தண்ணீர். காதுக்குத்தான் அப்போது வேலை அதிகம். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் சத்தங்களை மட்டும் வந்த வரிசையில் நோட்டில் குறியுங்கள். ஆறு மணியை ஒட்டி பாங்கு முடிந்திருக்கும். அதன் பிறகு கோயில் மணி, மைனாக்கள், இரும்புக் கதவு ஏறும் சத்தம். ஒவ்வொரு கதவுக்கும் குரல் வேறு. துருப்பிடித்தது பாதியில் நின்று இரண்டாவது இழுப்பில் ஏறும், எண்ணெய் போட்டது ஒரே மூச்சில் போய்விடும். எந்தக் கதவு முதலில் ஏறுகிறது என்று பாருங்கள். மற்ற நாட்டுப் பயணிகள் துணிக்கடையை எதிர்பார்ப்பார்கள். பூக்கடையும் பசியாறும் கடையும்தான் முதல், நகைக்கடையும் துணிக்கடையும் பத்து பத்தரைக்குத்தான்.

ஏழரையிலிருந்து எட்டே முக்கால் வரைதான் சாரம். பூக்கடையைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிக்கொள்ளுங்கள். மாலை கட்டுபவரின் கைகளை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள், முகத்தைப் பார்க்க வேண்டாம். நார் எங்கே தொடங்குகிறது, எத்தனை பூவுக்கு ஒரு முடிச்சு, எந்தக் கை ஓயாமல் இருக்கிறது. மல்லிகையும் சாமந்தியும் உங்களுக்குத் தெரிந்தவை. சாமந்தியில் பலவும் கேமரன் மலையின் குளிரில் விளைபவை, பெரிய பெரிய பூ. நடுவில் ஊதாவும் வெள்ளையுமாக ஆர்கிட் பூக்களைக் கோத்திருப்பார்கள். அது நம் ஊர் மாலையில் வழக்கமில்லாத, இங்கே தெய்வத்துக்கே ஏறிவிட்ட பூ. கோயிலுக்குப் போகிறவர்களையும் கவனிக்கலாம். வேலைக்குப் போகும் வழியில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பவர்கள் ஒரு வகை. சீருடையில் வந்து விபூதி இட்டுக்கொண்டு ஓடும் பிள்ளைகள் இன்னொரு வகை. கையில் ஊதுபத்தியோடு வரும் சீனப் பாட்டிமார்களும் அம்மன் முன்னால் நிற்பார்கள். கேட்டால் அதிசயமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதுக்கு மேல் வெயில் கீழே இறங்கி ஐந்தடியின் விளிம்புக்கு வந்துவிடும், பயணிகள் வருவார்கள். பத்தை ஒட்டி பாட்டுக் கேசட் காலத்திலிருந்து வந்த பழக்கமாக ஒலிபெருக்கிகள் போட்டி போட ஆரம்பிக்கும். அமைதி அதோடு சரி. அதற்கு முன் எழுந்துவிடுங்கள்.

படம் எடுப்பதானால், தெருவைப் பொதுவாக எடுக்கலாம். ஆளை நெருக்கமாக எடுக்கத் தமிழிலேயே கேளுங்கள். சீனரிடமோ மலாய்க்காரரிடமோ "போலே அம்பில் கம்பார்?" போதும். கர்ப்பக்கிரகத்தைப் படம் எடுக்க வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிவாசலைக் குறிப்பிட்டதால் ஒரு கிளைச்செய்தி: கிளிங் என்ற சொல் ஒரு காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த சாதாரணப் பெயர். இன்று மலேசியத் தமிழர் காதுக்கு அது வசை. பள்ளிவாசலின் பெயரைச் சொல்லும்போது தவிர வேறெங்கும் உச்சரிக்காதீர்கள்.

இப்போது பயம் பற்றி. வெளிச்சம் வந்த பிறகு இந்தத் தெருக்களில் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அலுவலகம் போகும் பெண்கள் தினமும் அப்படித்தான் பசியாறுகிறார்கள். கவனிக்க வேண்டியது பைப்பறிப்பு. மோட்டார் சைக்கிளில் வந்து தோள்பையை இழுத்துக்கொண்டு போவது மலேசிய நகரங்களில் பழைய நோய். இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள், பை சுவர்ப்பக்கத் தோளில். முடிந்தவரை ஐந்தடிக்குள்ளேயே நடப்பது இன்னும் நல்லது, ஆனால் கீழே பார்த்து நடக்க வேண்டும். ஒவ்வொரு கடையின் தரையும் வேறு உயரம், திடீரென்று ஒரு படி ஏறும், அரைப் படி இறங்கும். ஓரத்தில் மூடியில்லாத சாக்கடை ஓடும். கைபேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டே நடந்து கணுக்கால் பிசகுவதுதான் இங்கே நடக்கும் விபத்துகளில் சாதாரணமானது. மேசையின் தெருப்பக்க ஓரத்தில் கைபேசியை வைக்காதீர்கள். லவ் லேன், சூலியா தெருவின் நடுப்பகுதி இரண்டும் மதுக்கடைகள் இருக்கும் இடம். அங்கே அறை எடுத்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வர வேண்டாம், ஏழுக்குப் பிரச்சினை இல்லை. அவசர எண் 999.

கையில் வேண்டியவை அதிகமில்லை. ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளாக மொத்தம் இருபது வெள்ளி, ஒரு பொட்டலம் காகிதக் கைக்குட்டை, மடக்குக் குடை, நோட்டு. பழைய கடைகளில் துடைக்க எதுவும் தர மாட்டார்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். ஒன்றரை மணி நேரம் இருப்பதென்றால் இரண்டு முறை ஏதாவது வாங்குவது மரியாதை. எட்டு மணி நெரிசலில் நாலு பேர் மேசை தேடி நின்றால் எழுந்து கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் கோயில் பக்கம் போய்விட்டு வரலாம்.

இதுவரை சொன்னதில் சூரியனும் திசையும் கல்லில் எழுதியது. மழை அப்படியல்ல. ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை அதிகம். பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், ஆனாலும் காலையிலும் பிடித்துக்கொள்ளும் நாட்கள் உண்டு. மழைக்குப் பயந்து திட்டத்தை மாற்ற வேண்டாம், ஐந்தடி இருப்பதே அதற்குத்தான். ஓடு பதித்த தரை மட்டும் வழுக்கும். நோன்பு மாதம் என்றால் முஸ்லிம் கடைகள் காலையில் அடங்கியிருக்கும், தமிழ் இந்துக் கடைகளும் சீனர் கடைகளும் வழக்கம் போல. சீனப் புத்தாண்டில் இது தலைகீழ், கோப்பிக் கடைகள் பல நாள் மூடிவிடும். சனி ஞாயிறில் எட்டு மணிக்கே உள்ளூர்க் குடும்பங்கள் பசியாற வந்துவிடும், வார நாள் கிடைத்தால் அதையே எடுங்கள்.

வேறு இரண்டு இடங்களைப் பலர் சொல்வார்கள். ஒன்று சூ ஜெட்டி, கடலுக்கு மேல் தூண் நட்டுக் கட்டிய சீனக் குலத்தார் குடியிருப்பு. சூரியோதயம் அங்கே அழகுதான், கிழக்கே கடல், அதைத் தாண்டிப் பெருநிலக் கரை. ஆனால் பலகை நடைபாதையின் இரண்டு பக்கமும் படுக்கையறை ஜன்னல்கள். ஆள் நடந்தால் பலகை சத்தம் போடும். ஏழு மணிக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்து போவதைக் குடியிருப்பவர்கள் விரும்புவதில்லை, என் கணக்கில் அது நியாயம். கடலும் உதயமும்தான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே இருக்கும் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் படகு ஏறுங்கள். கார்களை ஏற்றிய பழைய பெரிய படகுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுபவை புதியவை, ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றுகின்றன. கடக்கப் பத்துப் பதினைந்து நிமிடம், கட்டணம் சில்லறைதான். டச் அண்ட் கோ என்னும், முன்கூட்டிப் பணம் ஏற்றி வைக்கும் அட்டை வசதி. போகும்போது சூரியன் கண்ணில் அடிக்கும். திரும்பி வரும்போதுதான் பார்க்க வேண்டும்: வெயில் உங்கள் முதுகிலிருந்து விழுந்து ஜார்ஜ்டவுன் முழுவதையும் முன்னால் விரித்துக் காட்டும், பின்னால் 833 மீட்டர் பினாங்கு மலை. முதல் படகின் நேரம் வார நாளுக்கும் விடுமுறைக்கும் மாறும் என்பதால் முந்தின மாலையே துறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று தண்ணீர்மலை. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி, நிதானமாக ஏறினால் இருபத்தைந்து நிமிடம். மேலேயிருந்து ஊரும் கடலும் தெரியும். பக்கத்தில் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, நாகலிங்க மரங்கள் தண்டு முழுக்கப் பூத்து நிற்கும். குரங்குகள் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையைச் சாப்பாடு என்று நினைத்துப் பிடுங்கும், எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டு மூடிக்கொள்ளுங்கள். பழைய நகரிலிருந்து கார் பிடித்தால் காலையில் பதினைந்து இருபது நிமிடம். நல்ல இடம், ஆனால் அது ஏறுவதற்கான காலை. நீங்கள் கேட்டது உட்காருவதற்கான காலை.

உங்கள் விமானம் 2 மணி என்பதால், பயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் பதினொன்றேகாலுக்குக் கிளம்பினால் போதும். காரில் அரை மணியிலிருந்து முக்கால் மணி. பேருந்து மலிவு, ஆனால் பெட்டியோடு நின்றபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மலேசியாவுக்குள் நுழைவதற்கு முன் மூன்று நாட்களுக்குள் மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசாங்கத்துடையது அல்ல, மூடிவிடுங்கள்.